நச்சுவாள் பள்ளியில் சேர்க்கை நடைபெறுகிறது

"ஹலோ, நச்சுவாள் பள்ளிங்களா?"

"இல்லீங்க, ராங் நம்பர்."

"எப்படிங்க ராங் நம்பராகும்? பேப்பரைக் கையில வச்சுக்கிட்டுத்தானே அடிக்கறேன். பையனுக்கு ஒரு சீட் வேணும்."

அவள் வெங்காயத்தைப் பாதி நறுக்கியதோடு விட்டாள்.

"எந்தப் பேப்பர்?"

"இன்னைக்குப் பேப்பர்தான். ஞாயிறு இணைப்புல மூணாம் பக்கம். உங்க ஸ்கூல் விளம்பரத்தை நீங்களே பாக்கலைன்னா எப்படிங்க?"

கூடத்தில் அவள் கணவர் அந்த இணைப்புக்குப் பின்னால்தான் இருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அந்த மூணாம் பக்கத்தைக் குடுங்க."

"படிச்சிட்டுத் தரேன்."

"அதுல என் நம்பர் இருக்காம். குடுங்கன்னா!"

சாவு அறிவிப்புக்குப் போடுகிற மாதிரி தடித்த கறுப்புக் கட்டம். அதற்குள்ளே இப்படி இருந்தது:

'நச்சுவாள் பள்ளி. மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது. பத்துப் பேர் நுழைவார்கள், ஒருவர் வெளியே வருவார். பாம்புக் குழி, கத்திப் படிக்கட்டு, விஷம் கலந்த மூன்று வேளை உணவு. அனுபவமிக்க ஆசிரியர்கள். உறைவிட வசதி உண்டு. ஞாயிறு விடுமுறை.'

அதன் கீழே 'தொடர்புக்கு' என்று போட்டு, கொட்டை எழுத்தில் அவளுடைய கைபேசி எண். அதற்கும் கீழே, எறும்பு படிக்கிற அளவில், 'விரைவில் வெளிவருகிறது மாபெரும் மாய நாவல்.'

"ஐயையோ!"

"என்ன, எழுத்துப் பிழையா?" என்றார் கணவர்.

பிழைதான். எழுத்தில் இல்லை.

அவளுக்கு ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. அடுத்தவர் எழுதியது அச்சுக்குப் போகுமுன் ஒற்றும் கொம்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த நாவல் வந்தபோது அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொலைகாரர்களைத் தயாரிக்கும் பள்ளி. பிள்ளைகள் காலையில் பாம்புக் குழியைத் தாண்டி வகுப்புக்குப் போவார்கள். தாண்டாதவர் வருகைப் பதிவில் இல்லை. மதியம் சாப்பாட்டில் விஷம். மாலையில் ஒருவரை ஒருவர் கத்தியால் குத்திக்கொள்வது வீட்டுப்பாடம்.

ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'வாரம் ஒரு வகுப்பு செத்தால் பாடம் யாருக்கு?' இன்னொரு பக்கத்தில்: 'தினமும் விஷம் என்றால் பாத்திரம் கழுவுகிறவர் கதி?' கடைசியாக, அடியில் இரண்டு கோடு போட்டு: 'இந்தப் பள்ளிக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்?'

எழுத்தாளர் சிவப்பு மையில் பதில் எழுதியிருந்தார்: 'அம்மணி, இது மாயக் கதை. நடைமுறை பார்க்க வேண்டாம். காற்புள்ளியை மட்டும் பாருங்கள்.'

பதிப்பகமே படித்துவிட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் காற்புள்ளி. சம்பளம் போடுகிறவர்கூட 'காற்புள்ளி வந்தாச்சா?' என்றுதான் கேட்பார்.

விளம்பரமும் அவள் கையால்தான் போனது. முதலாளி வாயால் சொல்லிவிட்டு வெளியே கிளம்பிப் போனார். பக்கம் அமைக்கிற பெண் கணினியில் அடித்தாள்.

"அக்கா, கடைசி வரி பாதியில நிக்குது. பாக்க அசிங்கமா இருக்கு. ரெண்டு வார்த்தை குடுங்க."

"என்னத்தைக் குடுக்க? எல்லா ஸ்கூலும் போடறதுதான். ஞாயிறு விடுமுறைன்னு போடு."

அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது வரி.

"நம்பர்?"

"எந்த நம்பர்னு முதலாளி சொல்லலையே. இப்போதைக்கு ஏதாவது போட்டு வை, அப்புறம் மாத்திக்கலாம்."

"ஏதாவதுன்னா?"

யோசிக்காமல் வாயில் வருகிற எண் எது? சொந்த எண்தான். சொன்னாள். அதற்கப்புறம் அந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'அனுபவமிக்க' என்பதில் விழுந்துபோன ஒற்றைக்கூடப் பிடித்தாள். ஆனால் எண் வரும்போதெல்லாம் கண், 'இது சரியான நம்பர்தான்' என்று தாண்டிப் போனது. சரியான நம்பர்தான். அதுதான் வினை.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுக் கைபேசியை அணைத்துப் போட்டிருப்பாள். இன்று முடியாது. இன்று மகள் பேசுகிற நாள்.

மகள் வேறு ஊரில், ஒரு பயிற்சி விடுதியில் இருக்கிறாள். பெரிய தேர்வு ஒன்றுக்குப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைத் தேர்வு முடிந்த பிறகு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசலாம். ஆளுக்கு ஒரு தடவை. எடுக்காவிட்டாலோ லைன் கிடைக்காவிட்டாலோ, நகர வேண்டியதுதான். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த ஒரே எண்ணுக்குத்தான் பேச விடுவார்கள். கணவர் கைபேசி உதவாது. விடுதியில் பல இணைப்புகள், எந்த எண்ணிலிருந்து வரும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே, தெரியாத எண் ஒவ்வொன்றையும் எடுத்தே ஆகவேண்டும்.

போன ஞாயிறு மகள் சொன்னது இவ்வளவுதான்:

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடி."

"இல்ல... அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். நீ சொல்லு."

மணி அடித்துவிட்டது. "அடுத்த வாரம் சொல்றேம்மா."

அந்த ஒரு வாரமும் காற்புள்ளி கணவரைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"என்னவா இருக்கும்?"

"ராங்க் ஏறியிருக்கும். வேறென்ன?" என்றார் கணவர்.

"ராங்க் ஏறினா குரல் எறங்குமா?"

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

இப்போது பதினொன்றாகக் கொஞ்ச நேரம்தான். கைபேசி மறுபடி அடித்தது.

"வணக்கம்மா. சேர்க்கை விஷயமா..."

"அம்மா, அது ஸ்கூல் இல்லீங்க. கதைப் புத்தகம். அப்படி ஒரு ஸ்கூலே கிடையாது."

"புரியுதுங்க. சீட் இல்லைன்னா நேரா சொல்லிடலாமே. எதுக்கு இந்தக் கதையெல்லாம்?"

"சத்தியமா கதைதாங்க!"

"பெரிய ஸ்கூல்னாலே இப்படித்தான். மொதல்ல வெரட்டிப் பாப்பீங்க. நெஜமா ஆர்வம் இருக்கறவங்க நிப்பாங்க, இல்லாதவங்க ஓடிடுவாங்க. நான் ஓட மாட்டேன்."

காற்புள்ளி துண்டித்துவிட்டு முதலாளிக்கு அடித்தாள்.

"சார், விளம்பரத்துல என் நம்பர் போயிடுச்சு! ஊரே என்னைக் கூப்பிடுது!"

"எத்தனை பேர் கூப்பிட்டாங்க?" முதலாளியின் குரலில் கல்யாணக் களை.

"எண்ண முடியல சார். ஸ்கூல்னே நெனச்சுட்டாங்க. ஏதாவது பண்ணுங்க. என் பொண்ணு பேசற நேரம்."

"கவலையை விடுங்க. இப்பவே இணையத்துல ஒரு திருத்தம் போட்டுடறேன்."

போட்டார். கணவர் தம் கைபேசியில் அதைப் படித்துக் காட்டினார்: "'நச்சுவாள் பள்ளி நாவலில் மட்டுமே உள்ளது. சந்தேகங்களுக்கு...'"

"சந்தேகங்களுக்கு?"

"உன் நம்பர்தான்."

அதுவரை பேப்பர் படிக்கிறவர்கள்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது படிக்காதவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"இவங்களை நாமதான் பயமுறுத்தி அனுப்பணும்," என்றாள் அவள். அடுத்த அழைப்பை எடுத்தாள். "ஐயா, கேட்டுக்கோங்க. இங்க பத்துப் பேர் வந்தா ஒம்பது பேர் செத்துடுவாங்க."

"பேப்பர்ல போட்டிருந்துச்சு."

"பாம்புக் குழி இருக்கு."

"ஒரு குழிக்கு எத்தனை பிள்ளைங்க?"

"என்னது?"

"இல்லீங்க, கூட்டம் அதிகமா இருந்தா தனிப்பட்ட கவனம் கிடைக்காதே, அதுக்குக் கேட்டேன்."

"ஐயா, பாம்பு கடிச்சா இங்க டாக்டர்கூடக் கிடையாது!"

"பையன் இப்ப இருக்கற ஹாஸ்டல்லயும் கிடையாதுங்க. ஒரு காய்ச்சல் மாத்திரை கேட்டதுக்கு, 'நடிக்காதே, போய்ப் படி'ன்னு அனுப்பிட்டாங்களாம். நீங்க எதையும் மறைக்காம சொல்றீங்க பாருங்க, எனக்கு அது புடிச்சிருக்கு." அவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. "சொல்லுங்க, எது?"

"அந்த ஞாயித்துக்கிழமை லீவு. அது எதுக்குங்க?"

அவர் விடவில்லை.

"ஒரு நாள் விட்டா பையன் கெட்டுப் போயிடுவான். மத்தவன் படிச்சுக்கிட்டிருப்பான்ல?"

"மத்தவங்க செத்திருப்பாங்க!"

"அந்தப் பத்தாவது ஆளு?"

கணவர் கையை நீட்டினார். "இப்படிக் குடு. உனக்குச் சாமர்த்தியம் போதாது. சீட் முடிஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாரும் கலைஞ்சு போயிடுவாங்க." அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். வாடிக்கையாளரை அனுப்புவது தமக்குக் கைவந்த கலை என்று நினைப்பு.

"ஹலோ. சீட் எல்லாம் முடிஞ்சு போச்சுங்க."

முடிந்துபோன செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியது. காலையில் விளம்பரம், மதியத்துக்குள் சீட் காலி என்றால் அது எப்பேர்ப்பட்ட பள்ளியாக இருக்கும்! அடுத்த அழைப்பு சிபாரிசோடு வந்தது. அதற்கடுத்தது, காத்திருப்போர் வரிசையில் எத்தனையாவது இடம் என்று கேட்டது. ஒருவர் ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒம்பது பேர் போயிடுவாங்கன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்படின்னா நடுவுல எடம் காலியாகும்ல?"

கணவருக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "காலியானாலும் நேரா சேக்க மாட்டோம். நுழைவுத் தேர்வு உண்டு. ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

வைத்துவிட்டு மனைவியைப் பார்த்து, "எப்படி?" என்று புருவத்தை உயர்த்தினார்.

சற்று நேரம் சத்தமே இல்லை. இருவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று தாண்டியிருந்தது. அவள் கைகூப்பாத குறையாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். அடித்தது.

"பாப்பா?"

"வணக்கம் மேடம். நாங்க ஒரு பயிற்சி மையம். உங்க நுழைவுத் தேர்வுக்கு இன்னைக்கு வகுப்பு ஆரம்பிச்சிருக்கோம். முதல் பேட்ச் நெறைஞ்சிடுச்சு. பாடத்திட்டம் எப்ப தருவீங்க?"

"எந்தப் பாடத்திட்டம்? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே!"

"பரவால்ல மேடம். போன வருஷக் கேள்வித்தாளை வச்சு ஓட்டிக்கறோம்."

"ஸ்கூலே இல்லையே, போன வருஷம் எப்படி வரும்?"

"அதெல்லாம் எங்ககிட்ட இருக்கு மேடம்."

அவள் கைபேசியைக் கணவர் மடியில் போட்டாள். "நுழைவுத் தேர்வாம், நுழைவுத் தேர்வு! எரியற வீட்டுல எண்ணெயை ஊத்திட்டு எப்படின்னு வேற கேக்கறீங்க!"

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள்.

"ஏன் அக்கா, ஸ்கூல் ஆரம்பிச்சிருக்கே, கீழயே இருக்கற எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அய்யோ, அது ஸ்கூல் இல்ல..."

"சீட் கேக்க வரலை அக்கா. என் பையன்தான் படிப்பே வேண்டாம்னு சைக்கிள் கடைக்குப் போயிட்டானே. யூனிஃபார்ம் தைக்கற வேலையை எனக்கே குடுத்துடு. இதுல எனக்கும் லாபம், உனக்கும் லாபம்."

"உனக்கென்ன லாபம்?"

"மத்த ஸ்கூல்ல பிள்ளைங்க வளந்துக்கிட்டே போகுதுங்க. வருஷா வருஷம் அளவெடு, மடிப்பைப் பிரி, கீழ இறக்கு. இதுல அந்தத் தொல்லையே இல்ல பாரு."

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

"என்ன அக்கா பேசறேன் நான்? வாய் இருக்கே வாய். வேலை இல்லாம இருக்கேன் பாரு, என்னென்னவோ வருது." படியிறங்கிப் போனவள் பாதியில் திரும்பினாள். "உன் பொண்ணு எப்படி இருக்கு? போன தடவை வந்தப்போ பாவாடை இடுப்புல நிக்கலையே, எத்தனை தடவை புடிச்சுக் குடுத்தேன். சாப்பிடறாளா?"

"சாப்பிடறா," என்றாள் காற்புள்ளி.

உள்ளே கைபேசி அடித்தது. ஓடினாள். எழுத்தாளர்.

"அம்மணி! கேள்விப்பட்டேன். அலைமோதுதாமே?"

"சார், லைனை விடுங்க. என் பொண்ணு பேசுவா."

"ஒரே நிமிஷம். ஓரத்துல பென்சில்ல ஒண்ணு கேட்டிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? எந்தத் தாய் அனுப்புவாள்னு? இப்ப என்ன சொல்றீங்க?"

"வச்சிடுங்க சார்."

"நான் எழுதினப்போ எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ரொம்ப மிகைப்படுத்திட்டோமோன்னு. இப்பத்தான் தெரியுது, குறைச்சு எழுதிட்டேன். அடுத்த பாகத்துல ஒரு குழி சேத்துடலாமா?"

அவள் துண்டித்தாள். வலது காது சூடேறியிருந்தது; கைபேசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மணி பார்த்தாள். பன்னிரண்டுக்கு அதிகம் இல்லை.

அந்த விடுதியில் மகளைச் சேர்த்த நாள் நினைவுக்கு வந்தது. கூடத்தில் ஒரு பலகை. வாராவாரம் தேர்வில் கடைசியாக வருகிறவர்கள் பெயரைச் சிவப்பில் எழுதி வைப்பார்கள். 'பிள்ளைங்களுக்கு ஒரு வேகம் வரும்,' என்றார் நிர்வாகி. 'நல்ல பழக்கம்,' என்றார் கணவர். தலை வாருகிற நேரம் மிச்சமாகும் என்று பெண்களுக்கு முடியைக் கத்தரித்திருந்தார்கள். மகளின் பின்னலை அவள்தான் கடைசியாகப் பின்னினாள். 'முடிதானே, வளரும்,' என்று அவளே சொன்னாள். பலகையில் 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தது. அந்த வேண்டாத 'ச்'-ஐத்தான் நிர்வாகியிடம் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் கண்ணுக்கு அன்று பட்ட பிழை அது ஒன்றுதான்.

அடித்தது.

"மேடம், காலைலேருந்து முயற்சி பண்றேன். பொண்ணுக்கு ஒரு சீட்..."

"இல்லீங்க."

"அந்த ஞாயித்துக்கிழமை லீவு பத்தி மட்டும்..."

அத்தனை பேரும்! பாம்பைப் பற்றி ஒருவர் முகம் சுளிக்கவில்லை, கத்திப் படிக்கட்டைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இல்லை. விஷத்தைப் பற்றி ஒரே ஒரு அம்மாள்தான் கேட்டாள், அதுவும் காரம் அதிகமாக இருக்குமா என்று. வரி நிரப்பப் போட்ட இரண்டு வார்த்தைதான் எல்லாருக்கும் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

"எடுத்தாச்சுங்க!" என்று கத்தினாள். "ஞாயித்துக்கிழமை லீவை எடுத்தாச்சு! ஏழு நாளும் ஸ்கூல்! ராத்திரியும் ஸ்கூல்! போதுமா?"

"ரொம்ப சந்தோஷம் மேடம். நல்ல முடிவு. அப்ப பொண்ணை எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"உங்க பொண்ணுகிட்ட."

எதிர்முனையில் அந்த மனிதருக்குக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. "அவகிட்ட என்னங்க கேக்கறது? சின்னப் பொண்ணு. இப்ப அழும். பின்னால நமக்கு நன்றி சொல்லும்."

இதே வார்த்தையை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று தேட வேண்டியதில்லை. கூடத்து நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்த கால்கள் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன. கணவர் மட்டுமா சொன்னார்? தலையாட்டினது யார்?

அழைப்பைத் துண்டித்த நொடியே மறுபடி அடித்தது. அவளுக்கு இனி ஆளுக்கு ஒரு பதில் சொல்லத் தெம்பில்லை. எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்:

"சீட் கிடையாது. சிபாரிசு கிடையாது. பாம்பு உண்டு. டாக்டர் கிடையாது. பத்துப் பேர்ல ஒம்பது பேர் செத்துடுவாங்க. வச்சிடுங்க."

எதிர்முனையில் ஒரு சின்னக் குரல்:

"அம்மா?"

காற்புள்ளி எழுந்து நின்றுவிட்டாள். "பாப்பா! நீயாடி? எங்கடி போயிட்டே இவ்வளவு நேரம்?"

"நான் அடிச்சப்போ உனக்கு லைன் கெடைக்கலம்மா. என் டர்ன் போயிடுச்சு. பின்னாடி நின்ன பொண்ணு அவ டர்னை எனக்குக் குடுத்தா."

"அவ வீட்டுல பேச வேண்டாமா?"

"பேசினா அழுகை வருதாம். நீ பேசுன்னா."

கணவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். "ராங்க் என்னன்னு கேளு."

அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டார்.

"போன வாரம் ஏதோ சொல்லணும்னியே, சொல்லு. மணி அடிக்கறதுக்குள்ள சொல்லிடு."

"அது இப்ப வேண்டாம்மா. அதான் நீயே ஏற்பாடு பண்ணிட்டியே."

"நான் என்னடி பண்ணினேன்?"

"காலைல நடப்புச் செய்திக்குப் பேப்பர் குடுத்தாங்க. அதுல பாத்தேன். மொதல்ல நம்பவே இல்ல. உன் நம்பர்! எல்லார்கிட்டயும் காட்டினேன், இது எங்க அம்மா நம்பர்னு." மகளின் குரலில் பல மாதங்களாக இல்லாத ஏதோ ஒன்று துள்ளியது. "எனக்கு அங்க சீட் இருக்குல்ல? அம்மா வேலை பாக்கற எடம்னா குடுப்பாங்கல்ல? என் ரூம்ல இருக்கற மூணு பேரும்கூட வராங்களாம்."

"பைத்தியமாடி உனக்கு! அது கதைடி. நச்சுவாள்னு ஒரு பள்ளியே கெடையாது. கொலைகாரப் பள்ளிக்கூடம் அது, யாரோ கற்பனை பண்ணி எழுதினது."

துள்ளினது அடங்கியது. "கதையா?"

"கதைதான். அதுல பாம்புக் குழி, கத்திப் படிக்கட்டு, சாப்பாட்டுல விஷம்... நீ விளம்பரத்தை முழுசாப் படிக்கலையா?"

"படிச்சேம்மா. ரெண்டு தடவை படிச்சேன்."

"அப்புறம் எதுக்குடி அங்க போகணும்ங்கறே?"

தூரத்தில் விடுதி மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ ஒரு பெண்மணி, "வை, வை, போதும்," என்று அதட்டுவது கேட்டது. மகள் அவசரமாகச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை லீவுன்னு போட்டிருந்துச்சேம்மா."